அடி கருகிய ரொட்டி

“பேங்குல ஏதாவது கேட்டீங்களா?”

“என்னத்தைக் கேக்கறது?”

“இத்தனை வருஷமாக் கணக்கு வெச்சிருக்கீங்க. சின்னதா ஒரு கடன் வாங்கி ஒழுங்காக் கட்டி முடிங்க. நாளைக்குப் பெருசா ஒண்ணு தேவைப்பட்டா கை கொடுக்கும்.”

“மேனேஜர் நமக்கு நல்ல பழக்கம், ஆடிட்டர்.”

“அதனாலதான் கேளுங்கன்றேன்.”

“அதனாலதான் கேக்க மாட்டேன்றேன்.”

ரொட்டிக்காரருக்கும் அவருடைய ஆடிட்டருக்கும் இந்தப் பேச்சு நடந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அன்று இருவருமே சிரித்தார்கள். மேசைமேல் இருந்த ரொட்டிப் பொட்டலத்தை ஆடிட்டர் எடுத்து மோந்து பார்த்தார். “சரி, உங்க இஷ்டம்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இந்த மழைக்காலத்தில் பேக்கரி அடுப்பில் விரிசல் விட்ட பிறகுதான் அந்தப் பேச்சு ரொட்டிக்காரருக்கு வேளை கெட்ட வேளையில் எல்லாம் ஞாபகத்துக்கு வர ஆரம்பித்தது.

அது செங்கல் அடுப்பு. ஒரு சிறிய அறையளவு இருக்கும். ஆமை ஓடு மாதிரி குவிந்த கூரை, கல் பாவிய தரை, முன்னால் ஓர் இரும்புக் கதவு. விடிவதற்கு முன்பே உள்ளே விறகு அடுக்கி எரிப்பார்கள். செங்கல் போதுமான சூட்டைக் குடித்துவிட்டது என்று தெரிந்ததும் தணலை வாரி வெளியே தள்ளி, ஈரச் சாக்கால் தரையைத் துடைத்து, நீளமான கட்டைத் துடுப்பால் மாவு அச்சுகளை உள்ளே செலுத்துவார்கள். கூரைச் சூடு ரொட்டியின் மேல்பக்கத்தைச் சிவக்க வைக்கும். தரைச் சூடு அடிப்பக்கத்தை வேக வைக்கும். விரிசல் விட்டதிலிருந்து கூரைச் சூடு நிற்கவில்லை. மேல்பக்கம் சிவக்கட்டும் என்று கூடுதல் நேரம் விட்டால் அடி கருகியது. சீக்கிரம் எடுத்தால் ரொட்டி காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் முகம் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

கொத்தனார் வந்து அடுப்பைச் சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்தார்.

“பூசினா நிக்குமா?” என்று ரொட்டிக்காரர் கேட்டார்.

“கிழவன் தலைக்கு மை பூசற மாதிரிதான். பூசலாம். வயசு குறையாது.”

“எவ்வளவு நாள் தாங்கும்?”

“மழை விடற வரைக்கும் தாங்கினா அது அடுப்போட நல்ல மனசு. நான் சொல்றதைக் கேளுங்க. பின்பக்கம் இடம் சும்மாதானே கிடக்கு? அங்க புதுசா ஒண்ணு கட்டுங்க. அது காயற வரைக்கும் இது ஓடட்டும். அப்புறம் இதை இடிச்சுக்கலாம்.”

செலவு என்ன ஆகும் என்பதை அவர் சொன்னபோது ரொட்டிக்காரர் அடுப்பின் கதவை ஒருமுறை திறந்து மூடினார்.

கடையின் வியாபாரத்தில் பாதிக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போகும் ரொட்டிதான். அங்கே ஓரங்களை வெட்டிவிட்டுத்தான் நோயாளிகளுக்குக் கொடுப்பார்கள் என்பதால் கருகலைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் சூடு நிற்காத அடுப்பில் மூன்று ஈடு போட்ட நேரத்தில் இரண்டு ஈடுதான் போட முடிந்தது. வண்டி தினமும் தாமதமாகப் போனது. ஆஸ்பத்திரிச் சமையல்கட்டு மேற்பார்வையாளர் ஒருநாள் கடைக்கே வந்தார். “மாசக் கடைசியில ஆர்டரைப் புதுப்பிக்கணும். அதுக்குள்ள வழி பண்ணுங்க. இல்லேன்னா என்மேல வருத்தப்படக் கூடாது” என்று கண்ணியமாகவே சொல்லிவிட்டுப் போனார்.

ரொட்டிக்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை காலையில் முதல் ஈட்டிலிருந்து நல்லதாகப் பார்த்து மூன்று ரொட்டிகளை எடுத்து வைப்பார். பழுப்புக் காகிதத்தில் சுற்றி நூல் கட்டி, தானே நடந்து போய்க் கொடுப்பார். ஒன்று பேங்க் மேனேஜருக்கு, ஒன்று ஆடிட்டருக்கு, ஒன்று இன்சூரன்ஸ்காரருக்கு. காசு வாங்க மாட்டார். எதுவும் கேட்கவும் மாட்டார். பேங்கில் மேனேஜர்கள் வருவார்கள், போவார்கள். போகிறவரை வழியனுப்பப் பஸ் நிலையத்துக்குப் போவார். வருகிறவரை வரவேற்க முதல் சனிக்கிழமையே போய் நிற்பார். “மேனேஜர் மாறலாம், ரொட்டி மாறாது” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். தொழில் செய்கிறவனுக்கு இந்த மூன்று பேருடைய உறவு இருந்தால் போதும் என்பது அவருடைய கணக்கு.

அடுப்பில் விரிசல் விட்ட வாரமே மேனேஜரிடம் கேட்டுவிடுவது என்று கிளம்பினார். திரும்பி வந்தபோது மனைவி கல்லாவில் உட்கார்ந்து பன்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“கேட்டீங்களா?”

“பேசினோம்.”

“என்ன பேசினீங்க?”

“மழையைப் பத்தி. அப்புறம் அவர் பையனுக்குக் காலேஜ்ல இடம் கிடைச்சதைப் பத்தி.”

“அடுப்பைப் பத்தி?”

“அவரே ஆரம்பிச்சார். ‘அடுப்பெல்லாம் எப்படிப் போகுது?’ன்னார்.”

“அதுக்கு நீங்க?”

“ஜோராப் போகுதுன்னேன்.”

உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த அவளுடைய தம்பி சிரித்த சிரிப்பில் மாவு மூக்கில் ஒட்டியது. சட்டென்று பொங்குகிற சுபாவத்துக்காகத் தெருவில் அவனுக்கு ஈஸ்ட் என்று பெயர். சிரிப்பும் அவனுக்கு அப்படித்தான் பொங்கும்.

“வாய்க்குள்ளயே அடைகாக்கறீங்களா மாமா? குஞ்சு பொரிச்சதும் சொல்லுங்க.”

“போடா, பிசையற வேலையைப் பாரு.”

மனைவி சிரிக்கவில்லை. “கேக்கறதுல என்ன கஷ்டம்?”

“உனக்குப் புரியாது. கையில ரொட்டியைக் குடுத்துட்டு அதே வாயால கடன் கேட்டா மனுஷன் என்ன நினைப்பார்? ஓகோ, இத்தனை நாளா இதுக்குத்தான் சுமந்துக்கிட்டு வந்தானான்னு நினைக்க மாட்டார்? குடுத்த ரொட்டிக்கெல்லாம் கூலி கேட்ட மாதிரி ஆயிடும்.”

“அப்ப ரொட்டி இல்லாமப் போங்க.”

“வெறுங்கையோடயா?” சட்டை இல்லாமல் போகச் சொன்ன மாதிரி அவர் அவளைப் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமையும் அதற்கடுத்த சனிக்கிழமையும் அதே கதைதான். அதற்குள் மேனேஜருக்கு மாற்றல் வந்துவிட்டது. ரொட்டிக்காரர் வழிக்கு இரண்டு ரொட்டி கட்டி எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனார். மழையில் நனைந்துகொண்டே பெட்டியை ஏற்றி விட்டார். “உங்களை மாதிரி ஒரு மனுஷனை நான் பார்த்ததில்லை, எதையுமே எதிர்பார்க்காதவர்” என்று மேனேஜர் ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். ரொட்டிக்காரருக்கும் கண் கலங்கியது, வேறு காரணத்துக்காக.

பக்கத்து மனையில் வண்டிப் பட்டறை வைத்திருக்கிற மெக்கானிக், பின்பக்க இடத்தை விலைக்குக் கேட்டு வந்தது அந்த வாரத்தில்தான். ரிப்பேருக்கு வரும் வண்டிகளை நிறுத்த அவனுக்கு இடம் போதவில்லை. “அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்கண்ணே. நீங்க இல்லேன்னா நான் வேற பக்கம் பாக்கணும்” என்றான். விலை நியாயமாகத்தான் இருந்தது.

மாடியில்தான் வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் அந்தப் பின்பக்கம் முழுதும் தெரியும். காலியான மாவுச் சாக்குகளை அவள் துவைத்துக் காயப்போடுகிற கொடி, விறகுக் கொட்டகை, காய்க்கவே காய்க்காத ஓர் எலுமிச்சை. மழை கொஞ்சம் விட்டிருந்தது. அவர் தட்டில் இருந்ததைப் பிசைந்தபடி மெக்கானிக் சொன்ன விலையைச் சொன்னார்.

“அந்தக் காசுல அடுப்பு கட்டிடலாம். யார்கிட்டயும் போய் நிக்க வேண்டாம்.”

“அடுப்பை எங்க கட்டுவீங்க?” என்று கேட்டாள்.

“பின்பக்…” என்று ஆரம்பித்து அவர் நிறுத்தினார்.

“இடத்தை வித்து அடுப்பு கட்டப் போறீங்க. கட்ட இடம்? என் தலையிலயா?”

“இருக்கறதை இடிச்சுட்டு அங்கேயே கட்டறது.”

“இடிச்சு, கட்டி, காயற வரைக்கும் ஆஸ்பத்திரிக்கு எதை அனுப்புவீங்க? சீக்கிரம் குணமாகணும்னு வாழ்த்தா?”

அவர் தண்ணீர் குடித்தார்.

“சொத்தை வித்து கௌரவமா வாழ்ந்தவங்களைப் பாத்திருக்கேன். வாயைத் திறக்க வெக்கப்பட்டு சொத்தை விக்கற ஆளை இப்பதான் பாக்கறேன்” என்று சொல்லிவிட்டு, அவர் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். கோபம் இருந்தாலும் அவள் கை குறைத்துப் போடாது.

புதிய மேனேஜர் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிறவர் என்று பேங்கின் கடைநிலை ஊழியர் சொல்லியிருந்தார். சனிக்கிழமை ரொட்டிக்காரர் பொட்டலத்தோடு போய் நின்றார். யார், எந்தக் கடை என்று கேட்டுக்கொண்டபின் மேனேஜர் அம்மா கைப்பையைத் திறந்தார்.

“எவ்வளவு?”

“ஐயோ மேடம், இது சும்மா. நம்ம வழக்கம்.”

“வேண்டாம்னு சொல்லலை. ரொட்டி எனக்குப் பிடிக்கும். காசு வாங்கிக்கிட்டா வாங்கிக்கறேன்.”

கடைக்குத் திரும்பியதும் ரொட்டிக்காரர் உள்ளங்கையை விரித்துக் கல்லாவின்மேல் சில்லறையைக் கொட்டினார். தேளை உதறுகிற மாதிரி இருந்தது. நடந்ததைக் கேட்டதும் ஈஸ்ட் பொங்கினான்.

“நம்ம ரொட்டிக்கு விலை பேசறாங்களா? அவ்வளவு பெரிய ஆளா?”

“கடை வெச்சு நாம என்னடா பண்றோம்? விலைக்குத்தானே விக்கறோம்?” என்றாள் அக்கா. சில்லறையை எண்ணிக் கல்லாவில் போட்டாள். “அந்தம்மா முகத்தை நான் பாக்கணும்.”

திங்கட்கிழமை மாலை அவள் பார்த்தாள். மேனேஜர் அம்மா குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு துண்டு. பிரித்து ரொட்டிக்காரர் முன்னால் வைத்தார். ரொட்டியின் அடிப்பகுதி. கரியாக இருந்தது.

“சனிக்கிழமை வாங்கினது. பாதியை வெட்டிப் போட வேண்டியதாப் போச்சு.”

ரொட்டிக்காரர் பதறிவிட்டார். “தப்பு நடந்துபோச்சு மேடம். வேற ஒண்ணு தர்றேன்.”

“மாத்திக் கேக்க வரலை. இன்னிக்கும் ஒண்ணு வாங்கத்தான் வந்தேன். இன்னிக்கு எப்படி இருக்கு?”

அவர் அலமாரியிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துத் திருப்பினார். வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதை எடுக்கவில்லை.

“ஏன் இப்படி ஆகுது?” என்று மேனேஜர் அம்மா கேட்டார். அதிகாரமாக இல்லை, காய்கறிக்காரரிடம் தக்காளி ஏன் சின்னதாக இருக்கிறது என்று கேட்கிற மாதிரிதான்.

ரொட்டிக்காரருடைய வாய் திறந்தது. மனைவி கல்லாவிலிருந்து நிமிர்ந்தாள். உள்ளே மாவு தட்டுகிற சத்தம்கூட நின்றது.

“மழை, மேடம். விறகு ஈரமா இருக்கு.”

மாவு தட்டுகிற சத்தம் மறுபடி கேட்டது, கொஞ்சம் பலமாக.

மேனேஜர் அம்மா இரண்டு பன் வாங்கிக் காசு கொடுத்தார். குடையை எடுத்தபோது, “பேங்குக்குப் பின்னாடியே ஒரு பேக்கரி இருக்கு. ஆனா உங்க ரொட்டி உள்ளே நல்லா இருக்கு. அதனாலதான் வந்து சொல்றேன். பிடிக்கலேன்னா சொல்லாம அங்க போயிருப்பேன்” என்றார்.

அவர் போன பிறகு வெகுநேரம் அந்தக் கருகிய துண்டு கல்லாமேலேயே கிடந்தது. மனைவி அதை எடுத்தெறியவில்லை.

மறுநாள் ரொட்டிக்காரர் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போனார். செவ்வாய்க்கிழமை அவரை அங்கே யாரும் பார்த்ததில்லை. ஆடிட்டர் அவருடைய கையைத்தான் முதலில் பார்த்தார்.

“ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லுங்க. நான் குடுத்த ரொட்டி கருகியிருந்துச்சா?”

ஆடிட்டர் பேனாவை மூடினார். திறந்தார்.

“எந்த வாரம்?”

“எந்த வாரம்னா?”

“மழை ஆரம்பிச்சதுலேருந்து எல்லா வாரமும்தான்.”

“நல்லதாப் பார்த்துத்தானே எடுத்து வெச்சேன்!”

“அதுவே அப்படின்னா மத்தது எப்படி இருக்கும்னு வீட்டுல பேசிக்கிட்டோம்.”

“போன வாரம்கூட அருமைன்னு சொன்னீங்களே ஆடிட்டர்!”

“தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்க முடியுமா? என் சம்சாரம் கத்தியால சுரண்டிடுவா. மிச்சம் நல்லாத்தான் இருக்கும்.” ஆடிட்டருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “என்னை மட்டும் கேக்கறீங்களே. போன வாரம் தொழில் எப்படின்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?”

“ஜோராப் போகுதுன்னேன்.”

“போகுதா?”

ரொட்டிக்காரர் விரிசலைப் பற்றிச் சொன்னார். ஆஸ்பத்திரி ஆர்டரைப் பற்றி, மெக்கானிக்கைப் பற்றி, பஸ் நிலையத்தில் கண் கலங்கியதைப் பற்றி எல்லாம் சொன்னார். ஆடிட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“விறகுச் செலவு ஏறிக்கிட்டே போறதைப் பார்த்தேன். ஏன்னு கேக்கலாம்னு நினைச்சேன். அந்த நேரம் பார்த்து நீங்க பொட்டலத்தோட வந்தீங்க. வாய் வரலை.” அவரே சிரித்தார். “நல்ல பழக்கம் போங்க. நீங்க அடுப்பை மறைச்சீங்க, நான் கருகலை மறைச்சேன்.”

“புது மேனேஜர் அம்மா ஒரு ரொட்டிதான் வாங்கினாங்க. வந்து முகத்துக்கு நேராச் சொல்லிட்டாங்க.”

“காசு கொடுத்தவங்க. சொல்ல உரிமை இருக்கு.”

ஆடிட்டர் எழுந்து, மழைச் சாரல் அடித்த ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

“இடத்தை விக்காதீங்க” என்றார் ஆடிட்டர். “போய்க் கேளுங்க. லேசா இருக்காது, இப்பவே சொல்லிடறேன். இதுவரைக்கும் கடனே வாங்கினதில்லை நீங்க. அதனால நீங்க ஒழுங்காக் கட்டற ஆளா, கட்டாத ஆளான்னு பேங்குக்குத் தெரியாது. நல்ல ரொட்டிக்காரர்னு மட்டும்தான் தெரியும். கொத்தனார்கிட்ட செலவை எழுதி வாங்கிட்டு வாங்க. ஆஸ்பத்திரி ஆர்டரையும் கொண்டு வாங்க. நான் தயார் பண்ணித் தர்றேன். ஆனா ஃபீஸ் வாங்குவேன்.”

“வாங்குங்க.”

“சனிக்கிழமை ரொட்டிக்கும் இனிமே காசு.”

“கருகின ரொட்டிக்கா?”

“கருகினா சண்டைக்கு வருவேன்” என்றார் ஆடிட்டர்.

வியாழக்கிழமை மதியம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கணவனும் மனைவியும் கிளம்பினார்கள். “வாடிக்கைக்காரங்ககிட்ட பொங்காதடா” என்று அக்கா சொன்னதற்கு, “மாமா பேங்குல பொங்கட்டும், நான் இங்க அடங்கியிருக்கேன்” என்றான்.

ஆடிட்டர் கொடுத்த காகிதங்கள் அவளிடம் இருந்தன. ரொட்டிக்காரர் கையில் எதுவும் இல்லை. இத்தனை வருடங்களில் அந்தத் தெருவில் அவர் வெறுங்கையை வீசிக்கொண்டு போனதே கிடையாது. கொஞ்ச தூரம் கையைக் கட்டிக்கொண்டு நடந்தார். பிறகு பின்னால் கோத்துக்கொண்டார். கடைசியில் அவளிடமிருந்து குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டார். மழை பெய்யவில்லை.

“நான் வேணா கேக்கட்டுமா?” என்றாள்.

“வேண்டாம். நானே கேக்கறேன்.”

“பக்கத்துல உக்காந்திருப்பேன். கிள்ள மாட்டேன், பயப்படாதீங்க.”

“எப்படி ஆரம்பிக்கறது? ‘ஒரு சின்ன உதவி’ன்னு…”

“உதவின்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க. அப்புறம் நாளைக்கே மூணு ரொட்டி கட்டிக்கிட்டு வந்து நிப்பீங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. பேங்கின் படிகளில் ஏறும்போது அது நின்றுவிட்டது.

மேனேஜர் அம்மா அவர்களை உட்காரச் சொன்னார். மூக்குக் கண்ணாடி நெற்றியில் இருந்தது. ரொட்டிக்காரர் கைகளை மேசைமேல் வைத்தார். நகக்கண்களில் மாவு காய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு மடிக்கு இறக்கினார்.

“மழை விட்டுடுச்சு போல இருக்கே?” என்று மேனேஜர் அம்மா ஜன்னலைப் பார்த்தார்.

ரொட்டிக்காரருக்கு எதிரில் ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. மழையைப் பற்றி அவரால் அரைமணி நேரம் பேச முடியும். இந்த வருட மழை, போன வருட மழை, ஈரக் காற்றில் மாவு எவ்வளவு நேரத்தில் உப்பும் என்பது. முந்தைய மேனேஜர்கள் எல்லோரும் ரசித்துக் கேட்ட பேச்சு அது. அவர் தொண்டையைச் செருமினார். பக்கத்தில் மனைவி காகிதங்களை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை.

“ஆமா மேடம், விட்டுடுச்சு” என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

மேனேஜர் அம்மா திரும்பிப் பார்த்தார். “கருகல் சரியாச்சா?”

“இல்ல மேடம். அன்னிக்கு நான் சொன்னது பொய். விறகு ஈரமில்லை. அடுப்புக் கூரை வெடிச்சிருக்கு. மூணு ஈடு எடுத்த இடத்துல ரெண்டுதான் எடுக்க முடியுது. மாசக் கடைசிக்குள்ள வழி பண்ணலேன்னா ஆஸ்பத்திரி ஆர்டர் போயிடும்.”

மேனேஜர் அம்மா கண்ணாடிக்காக மேசைமேல் தடவி, பிறகு நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டார். “சரி. சொல்லுங்க, நான் என்ன பண்ணணும்?”

ரொட்டிக்காரர் கைகளை எடுத்து மறுபடி மேசைமேல் வைத்தார். மாவு மாவாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

“உதவி இல்ல மேடம்,” என்றார். “எனக்குக் கடன் வேணும்.”